முன்னால் நிற்கும் 44 ஆயிரம் பேர்

85 பெர்சன்டைல் என்றால் நூற்றுக்கு 85 மதிப்பெண் என்று நினைத்து மகிழ்ந்துபோகும் பெற்றோர் இன்னமும் உண்டு. உண்மை மகனுக்கோ மகளுக்கோதான் தெரியும். 2024 நவம்பரில் ஐஐஎம்களுக்கான கேட் தேர்வை எழுதியவர்கள் சுமார் 2.93 லட்சம் பேர். அதில் 85 பெர்சன்டைல் வாங்கியவருக்கு முன்னால் ஏறத்தாழ 44 ஆயிரம் பேர் நிற்கிறார்கள். பொதுப் பிரிவு மாணவராக இருந்தால், அகமதாபாத், பெங்களூர், கொல்கத்தா கனவு அந்த ஆண்டுக்குக் கலைந்தது.

ஆபத்து அதற்குப் பிறகுதான். ‘கேட் மார்க் வேண்டாம், நேரடி அட்மிஷன்’ என்று தரகர்கள் தொலைபேசியில் அழைப்பது இந்த வாரங்களில்தான். ஏமாற்றத்தில் இருக்கும் குடும்பம் கடன் வாங்கவும் தயாராக இருக்கும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். 11 சதவீத வட்டியில் 15 லட்ச ரூபாய் கடன், 10 ஆண்டுத் தவணை என்றால் மாதம் 20 ஆயிரம் ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். படிக்கும் இரண்டு ஆண்டுகளில் ஏறும் வட்டி தனி.

எனவே கல்லூரியில் கேட்க வேண்டிய கேள்விகள் சில. ஏஐசிடிஇ அங்கீகாரமா, பல்கலைக்கழகப் பட்டமா? வளாகத் தேர்வில் எத்தனை பேர் கலந்துகொண்டு, எத்தனை பேர் வேலை பெற்றார்கள்? நடுவில் நிற்கும் மாணவரின் சம்பளம் என்ன? விளம்பரத்தில் வரும் அதிகபட்சச் சம்பளம் ஒரே ஒருவருடையது. பதிலை எழுத்தில் தராத கல்லூரிக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

வேறு வழிகளும் இருக்கின்றன. ஐஐஎம் அல்லாத பல கல்லூரிகளும் கேட் மதிப்பெண்ணை ஏற்கின்றன. ஜாம்ஷெட்பூர் எக்ஸ்எல்ஆர்ஐ நடத்தும் ஸாட் தேர்வு ஜனவரியில் வரும். ஆனால் அதற்கான விண்ணப்பக் கெடு பெரும்பாலும் கேட் முடிவுக்கு முன்பே முடிந்துவிடும். கேட் எழுதும்போதே அதற்கும் விண்ணப்பிப்பது புத்திசாலித்தனம். மேட் தேர்வு ஆண்டுக்குப் பல முறை நடக்கிறது.

மீண்டும் கேட் எழுதுவதென்றால் முதலில் மதிப்பெண் பட்டியலைப் பிரித்துப் பாருங்கள். மொழி, தர்க்கம், கணிதம் என மூன்று பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். சரியான விடைக்கு 3 மதிப்பெண். கொள்குறி வினாவில் விடை தவறினால் 1 குறையும். சறுக்கியது ஒரு பகுதியிலா, குருட்டடி விடைகளிலா என்பது தெரியாமல் மறுபடி பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டிப் பயனில்லை.

வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். பணி அனுபவத்துக்கு பெங்களூர் ஐஐஎம் போன்றவை தனி மதிப்பளிக்கின்றன. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணும் அங்கே கணக்கில் வரும். அதை இனி மாற்ற முடியாது, அனுபவத்தைச் சேர்க்க முடியும்.

ஓர் ஆண்டு தாமதம் உறவினர் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும். பத்தாண்டுத் தவணை அவர்கள் கண்ணில் படாது. கட்டப்போவது நீங்கள்தான்.