நாலு மணித் தேநீர்

"என் வீட்டுக்காரருக்கு ஒரகடத்தில் வேலை. கம்பெனி விஷயமாக மூன்று மாசம் இங்கிலாந்து போகிறார். கடைசிப் பத்து நாள் நானும் போய் லண்டனைப் பார்த்துவிட்டுச் சேர்ந்து திரும்புவதாக ஏற்பாடு. அங்கே 'ஆஃப்டர்நூன் டீ' என்று ஒன்று ரொம்பப் பிரசித்தமாமே, அது என்ன? ஒரு டீ குடிக்க அத்தனை தடபுடல் எதற்கு? நாங்கள் சைவம். தைரியமாகப் போகலாமா?" என்று ஸ்ரீபெரும்புதூர் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார்.

தாராளமாகப் போகலாம். அந்தத் தேநீரைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு போனால் ரசிக்கவும் முடியும். ஊருக்குப் போகாத நமக்கும் அதில் எடுத்துக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. அதனால்தான் இந்த இதழில் இதையே எழுதுகிறேன்.

இங்கிலாந்துக்கும் உங்கள் ஊருக்கும் சம்பந்தம் இல்லாமல் இல்லை. 'புல்லட்' என்று நாம் செல்லமாகச் சொல்லும் ராயல் என்ஃபீல்டு பிறந்தது அங்கே ரெட்டிச் என்ற ஊரில். 1955இல் சென்னைக்கு வந்து, 2013 முதல் ஒரகடத்திலும் தயாராகிறது. வண்டி அங்கிருந்து இங்கே வந்தது என்றால், தேயிலை இங்கிருந்து அங்கே போனது. அஸ்ஸாம் தேயிலை லண்டனில் முதன்முதலாக ஏலம் போனது 1839இல். அதற்கு முன்பெல்லாம் அவர்கள் குடித்தது சீனத் தேயிலைதான். அதைக் கூட அரண்மனையில் நாகரிகமாக்கியவர் போர்ச்சுகல் தேசத்து இளவரசி கேத்தரின் என்பார்கள். 1662இல் இங்கிலாந்து ராஜா இரண்டாம் சார்லஸுக்கு வாழ்க்கைப்பட்டவர். அந்தக் கல்யாணத்துக்குச் சீதனமாகப் போனது எது தெரியுமா? நம் பம்பாய்!

பசிதான் காரணம்

மத்தியானத் தேநீர் பிறந்த கதை ரொம்ப எளிமை. சுமார் 1840 வாக்கில் பெட்ஃபோர்டு சீமாட்டி அன்னா என்பவருக்குச் சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் வயிறு சோர்ந்துபோகுமாம். மத்தியானம் லேசான சாப்பாடு. இரவுச் சாப்பாடோ எட்டு மணிக்கு. நடுவில் தம் அறைக்கே தேநீரும் ரொட்டி வெண்ணெயும் கொண்டுவரச் சொன்னார். பிறகு சிநேகிதிகளையும் கூப்பிட்டுக்கொண்டார். அதுவே வழக்கமாயிற்று என்று சொல்கிறார்கள்.

ஆக, அது வெறும் டீ அல்ல. நம் பாஷையில் சொன்னால் சாயங்கால டிபன்.

இன்று லண்டனில் ரிட்ஸ், ஃபோர்ட்னம் அண்டு மேசன் மாதிரிப் பெரிய இடங்களில் இதற்கென்றே கூட்டம் வருகிறது. முன்கூட்டியே இடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். இது போன்ற இடங்களில் விலையைக் கேட்டால், அடேயப்பா, ஒருவருக்கு அறுபது எழுபது பவுனுக்குக் குறையாது! சாதாரணத் தேநீர்க் கடைகளில் 'கிரீம் டீ' என்று கேளுங்கள். தேநீரும் 'ஸ்கோன்' என்ற பன்னும் மட்டும் வரும். செலவு வெகுவாகக் குறையும், ருசி குறையாது.

பெரிய தேநீர் மூன்று தட்டு அடுக்கில் வரும். அடித்தட்டில் விரல் நீளத்துக்கு வெட்டிய சாண்ட்விச். நடுத்தட்டில் ஸ்கோன். மேல்தட்டில் கேக், இனிப்பு. கீழிருந்து மேலே சாப்பிட்டுக்கொண்டு போவது முறை. ஸ்கோனைக் குறுக்கே பிளந்து கெட்டிப் பாலாடையும் ஸ்ட்ராபெரி ஜாமும் தடவிக்கொள்ள வேண்டும். நம் டீக்கடை பன்-பட்டர்-ஜாமுக்கு அது சீமையிலிருக்கும் அத்தை பெண் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! முதலில் பாலாடையா, ஜாமா என்று டெவன், கார்ன்வால் என்ற இரண்டு ஜில்லாக்காரர்களுக்குள் தீராத வழக்கு இருக்கிறது. டெவன்காரர்களுக்குப் பாலாடை முதலில். கார்ன்வால்காரர்களுக்கு ஜாம் முதலில். உங்களுக்கு எது சௌகரியமோ அப்படித் தடவிக்கொள்ளுங்கள்.

தேயிலையைக் கொதிக்கவைக்க மாட்டார்கள். கெட்டிலில் வெந்நீர் ஊற்றி ஊறவைத்து, பால் தனியாக வரும். நம் நாக்குக்கு முதல் வாய் 'சப்'பென்றுதான் இருக்கும். இரண்டாவது கோப்பையில் பழகிவிடும். இன்னும் கேட்டால் கெட்டிலை நிரப்பிக் கொடுப்பார்கள், கூச்சப்பட வேண்டாம்.

சைவத்துக்குத் தனிப் பட்டியல் பெரும்பாலும் உண்டு. பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். ஆனால் அவர்கள் கணக்கில் முட்டையும் சைவத்தோடு சேர்த்திதான். கேக்கில் முட்டை இருக்கும், ஸ்கோனிலும் இருக்கலாம். குழகுழவென்று இருக்கும் இனிப்புகளில் 'ஜெலட்டின்' சேர்ப்பதுண்டு. அது மிருகங்களின் எலும்பு, தோலிலிருந்து எடுப்பது. வாய்விட்டுக் கேட்டால் மரியாதையாகப் பதில் சொல்வார்கள்.

தொழிலாளி வீட்டு 'ஹை டீ'

நம் நட்சத்திர ஹோட்டல்களில் 'ஹை டீ' என்று அட்டை போட்டிருப்பார்கள். ஏதோ உயர்ந்த மனிதர்களின் தேநீர் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மை நேர் எதிர்! இங்கிலாந்தின் வடக்கே மில்லிலும் சுரங்கத்திலும் வேலை பார்த்துவிட்டு ஐந்து, ஆறு மணிக்குக் களைத்து வீடு திரும்பும் தொழிலாளிக்கு அவன் வீட்டுக்காரி போட்ட சாப்பாடுதான் ஹை டீ. ரொட்டி, பாலாடைக் கட்டி, இறைச்சி, கூடவே திடமான தேநீர். சீமாட்டி தாழ்ந்த மேஜையில் குடித்தார். தொழிலாளி உயரமான சாப்பாட்டு மேஜையில் சாப்பிட்டான். அதனால் அந்தப் பெயர் என்பார்கள்.

ஷிப்ட் முடிந்து வருகிற ஆளுக்குச் சாப்பாடு எடுத்து வைப்பது ஸ்ரீபெரும்புதூர் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயமா, என்ன?

இன்னொரு சேதியும் உண்டு. அந்தக் காலத்து லண்டனில் கௌரவமான பெண்மணி துணையில்லாமல் வெளியே உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட இடம் கிடைப்பது அரிது. 1864இல் 'ஏரேட்டட் பிரெட் கம்பெனி' என்ற ரொட்டிக் கம்பெனி தன் கடையில் தேநீரும் விற்க ஆரம்பித்தது. 1894இல் லயன்ஸ் கம்பெனி பிக்காடிலி வீதியில் தேநீர்க்கடை திறந்தது. கடைச் சிப்பந்திப் பெண்களும் ஆபீஸ் பெண்களும் தனியாக வந்து நாற்காலியில் உட்கார்ந்து பயமில்லாமல் சாப்பிட்டுப் போனார்கள். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடியவர்கள் கூடிப் பேசியதும் இப்படிப்பட்ட தேநீர்க்கடைகளில்தான்.

நம் ஊர்த் தேநீர்

இப்போது ஒரகடம் கூட்டுரோட்டுக்கு வாருங்கள். ராமானுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி இன்று எத்தனை தொழிற்சாலைகள்! இருங்காட்டுக்கோட்டையில் கார், ஒரகடத்தில் லாரி, ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாடி, டி.வி., செல்போன். செல்போன் கம்பெனிகளில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் சின்ன வயசுப் பெண்கள். அவர்கள் தங்குவதற்காக வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த விடுதியில் மட்டும் 18,720 பேருக்கு இடம்.

ரோட்டோர டீக்கடைகளைப் பாருங்கள். பெஞ்சு முழுக்க ஆண்கள். கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண் பிள்ளைகள் ஓரமாக நின்று, பேப்பர் கப்பில் வாங்கி அவசரமாகக் குடித்துவிட்டு ஏறுகிறார்கள். பல பேருக்குக் காலை ஆகாரமே அதுதான்.

வீட்டுப் பெண்மணியின் கதை என்ன? அவர் காலை ஷிப்டுக்குப் போகிறவர், இவர் ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிறவர், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். ஒரே வீட்டில் நாலு கடிகாரம்! ஒவ்வொரு கடிகாரத்துக்கும் ஒரு டீ. எல்லாருக்கும் கொடுத்தபின் மிஞ்சியதை, ஆறிப்போனபின், அடுப்படியில் நின்றபடியே குடிக்கிறாள். அதுவும் எப்படி? இட்லியோடு ஒரு டீ. சாப்பாடு முடிந்த கையோடு ஒரு டீ. பசித்தால் சாப்பாட்டுக்குப் பதிலாக ஒரு டீ.

இங்கேதான் உடம்புக்குக் கெடுதல் வருகிறது.

ரத்தத்துக்கும் டீக்கும் என்ன பகை?

தேயிலையின் துவர்ப்புக்குக் காரணம் 'டானின்' என்ற பொருள். கீரை, பருப்பு, கேழ்வரகு இவற்றில் உள்ள இரும்புச்சத்தை அது வயிற்றிலேயே பிடித்துக்கொள்கிறது. உடம்பில் சேரவிடுவதில்லை. ரொட்டி, அரிசிச் சாதம் இவற்றோடு டீ கொடுத்துப் பார்த்த விஞ்ஞானிகள் 1975லேயே இதை எழுதிவிட்டார்கள். நாம் டஸ்ட் டீயைத் திரும்பத் திரும்பக் கொதிக்கவிடுவதால் துவர்ப்பும் அதிகமாக இறங்குகிறது. மரக்கறிச் சாப்பாட்டுக்காரர்கள் கூடுதல் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்தசோகை. பாதிக்கும் மேலே! மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, தலை சுற்றல், எந்நேரமும் அசதி. இதையெல்லாம் 'வேலை ஜாஸ்தி, அதான்' என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். அந்த அசதி தீர இன்னொரு டீ! ரத்தசோகைக்கு டீ மட்டுமே காரணம் என்று சொல்லவில்லை. பற்றாத சாப்பாடு, அதிக மாதவிடாய், பூச்சித்தொல்லை, அடுத்தடுத்துப் பிரசவம் எல்லாம் சேர்ந்துதான். ஆனால் டீயின் நேரத்தை மாற்றுவது காசில்லாத வைத்தியம்.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட யோசனை இது: சாப்பாட்டுக்கு ஒரு மணி முன்னும், ஒரு மணி பின்னும் டீ, காபி வேண்டாம். சீமாட்டி அன்னா சாப்பாட்டிலிருந்து விலகி நாலு மணிக்குக் குடித்தாரே, விஞ்ஞானம் தெரியாமலே சரியான நேரம்தான் பார்த்திருக்கிறார்!

இவற்றை மனதில் வையுங்கள்:

• இரும்பு மாத்திரையை டீ, காபி, பாலோடு விழுங்காதீர்கள். கர்ப்பிணிகளுக்கு 180 நாள் மாத்திரை கொடுக்கிறார்கள். டீயோடு போட்டால் பலன் குறையும். எலுமிச்சம்பழத் தண்ணீரோடு சாப்பிடுங்கள்.

• கீரை, பயறு சாப்பிடும் வேளையில் எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஏதாவது ஒன்று சேரட்டும். அது இரும்பைச் சேர்த்துக்கொள்ள உதவும்.

• கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் நாளைக்கு இரண்டு டம்ளரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

• குழந்தைக்கு டீயில் பிஸ்கட் தோய்த்து ஊட்டும் வழக்கம் வேண்டவே வேண்டாம். சின்ன வயிறு நிறைந்துவிடும், சாப்பாடு இறங்காது.

• ஐந்து டம்ளர் டீ, டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் நாளைக்கு 50 கிராம். மாசத்துக்கு ஒன்றரைக் கிலோ, உங்கள் ஒருவருக்கு மட்டும்!

• அசதி தொடர்ந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

வீட்டிலேயே ஒரு நாலு மணி

டீயை விடச் சொல்லவில்லை. சரியான நேரத்தில் உட்கார்ந்து குடிக்கச் சொல்கிறேன். பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்ததும் நாலு, நாலரை மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரருக்கு ராத்திரி ஷிப்டானால் அவர் எழுந்து சாப்பிட்டு ஒரு மணி கழித்து. உங்கள் டம்ளரையும் மற்றவர்களுடையதோடு சேர்த்தே ஆற்றுங்கள். கூடத்தில் வந்து உட்காருங்கள். 'பத்து நிமிஷம் அம்மாவைக் கூப்பிடாதீர்கள்' என்று சொல்லிவிடுங்கள்.

வேலைக்குப் போகும் பெண் வீட்டில் இருந்தால், வெறும் டீயோடு பஸ் ஏறவிடாதீர்கள். இரண்டு கடலை உருண்டை, ஒரு கொய்யாப்பழம் பையில் போட்டு அனுப்புங்கள். டீ பிரேக்குக்குக் கொஞ்சம் முன்போ, பஸ்ஸிலேயோ சாப்பிடட்டும்.

லண்டன் ஆசைக்கு வெள்ளரிக்காய் சாண்ட்விச் செய்யலாம். பிஞ்சு வெள்ளரிக்காயைத் தோல் சீவி, மெல்லிசாக வட்டமாக நறுக்கி, உப்புத் தூவிப் பத்து நிமிஷம் வையுங்கள். தண்ணீரைத் துணியில் ஒற்றி எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ரொட்டி நசநசத்துப் போகும். ரொட்டியில் இளகின வெண்ணெய் தடவி, வெள்ளரியை அடுக்கி, மிளகுத்தூள் தூவி, இன்னொரு ரொட்டியால் மூடி ஓரங்களை வெட்டிவிட்டு, நீளவாக்கில் மூன்று துண்டு போடுங்கள். ஒரு பக்கம் புதினாச் சட்னி தடவினால் நம் வாய்க்கு இன்னும் இதம். வெட்டிய ஓரங்களை வீணாக்காமல் நெய்யில் வறுத்து உப்புமா கிளறலாம்.

லண்டன் போகும் சகோதரியே, போய்வந்து எந்தக் கடையில் குடித்தீர்கள், எப்படி இருந்தது என்று மறக்காமல் எழுதுங்கள். மற்ற சகோதரிகள் உங்கள் வீட்டு நாலு மணிக்கு என்ன பலகாரம் என்று எழுதுங்கள். ராத்திரி ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு டிபன் டப்பாவில் என்ன வைக்கலாம் என்று பல பேர் கேட்டிருக்கிறீர்கள். அடுத்த இதழில் அதைப் பார்ப்போம்.