ஓய்வூதிய ஏட்டில் எழுதப்பட்ட பெயர்



தங்கள் முப்பாட்டனார் பட்டாளத்தில் இருந்தார் என்று கேள்விப்பட்டு, அவரைக் குறித்த சான்றுகளைத் தேடும் வழக்கம் நம் குடும்பங்களில் பெருகி வருகிறது. ஞானஸ்நானப் பதிவேட்டையும் திருமணப் பதிவேட்டையும் பார்க்க அனுமதி கேட்டு வருகிறவர்களில் இளைஞரும் உண்டு, முதியோரும் உண்டு. இது நல்ல வழக்கம் என்பதே என் எண்ணம். ஆனால் எதைக் காண்பதற்காகத் தேடுகிறோம் என்பதையும் நாம் சிந்திக்க வேண்டும். வீரப் பதக்கத்தைத் தேடிச் செல்கிறவரின் கைக்குப் பெரும்பாலும் அகப்படுவது ஓர் ஓய்வூதியத் தாளே. பதக்கம் சொல்லாத உண்மைகளை அந்தத் தாள் சொல்லும். அவற்றைக் கேட்க நமக்கு மனம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

படைப்பட்டியலில் ஒரு மனிதனின் பெயர், எண், சேர்ந்த நாள், விலகிய நாள் ஆகியவை இருக்கும். ஓய்வூதிய மனுவிலோ அவன் பேசுகிறான். அமெரிக்க நாட்டின் ஆவணங்கள் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அங்கே 1800ஆம் ஆண்டு நவம்பரில் போர்த் துறை அலுவலகத்தில் தீப்பற்றி, விடுதலைப் போர் வீரர்களின் முந்தைய மனுக்கள் அழிந்தன. பின்னர் 1818ஆம் ஆண்டுச் சட்டம் வறுமையில் வாடிய பழைய வீரர்களுக்கு ஓய்வூதியம் அளித்தது. 1820இல் அதற்கு ஒரு நிபந்தனை சேர்க்கப்பட்டது. மனுதாரர் தம் உடைமைகளையெல்லாம் பட்டியலிட்டு நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். பேரரசை எதிர்த்து நின்ற மனிதர், தம்மிடம் உள்ள பசு எத்தனை, பானை எத்தனை, கடன் எவ்வளவு என்று முதிர்ந்த வயதில் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்ல வேண்டியதாயிற்று.

1832ஆம் ஆண்டுச் சட்டம் வறுமையை நிரூபிக்கும் அந்தக் கட்டாயமின்றி ஓய்வூதியம் வழங்கியது. ஆனால் எழுத்துச் சான்று இல்லாதவர்கள் நீதிபதியின் முன் நின்று, எந்தத் தளபதியின் கீழ் இருந்தோம், எந்த ஊருக்கு நடந்தோம் என்று நினைவிலிருந்து உரைக்க வேண்டியிருந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு முந்திய செய்திகளை அந்த முதியவர்கள் சொல்லச் சொல்ல எழுத்தர்கள் எழுதினார்கள். ஒரு நாட்டின் எளிய மக்கள் தங்கள் வாழ்வைத் தங்கள் வாயால் சொன்ன சாட்சியம் அவ்வாறு உருவாயிற்று. விதவைகள் தங்கள் திருமணத்தையும் பிள்ளைகளின் பிறப்பையும் நிரூபிக்க வேண்டியிருந்தது. வேறு சான்று இல்லாத குடும்பங்கள், வேதாகமத்தின் முன்பக்கங்களில் எழுதி வைத்திருந்த பெயர்களையும் நாட்களையும் அந்தத் தாளோடு கிழித்து அனுப்பின. அந்தப் பக்கங்கள் இன்றும் வாஷிங்டனிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் மனுக்களோடு சேர்ந்தே இருக்கின்றன. உங்கள் வீட்டுப் பழைய வேதாகமத்தின் முதல் பக்கத்தில் பாட்டனார் எழுதிய வரிகளை இனி அலட்சியமாகப் பார்க்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போர் இந்த ஏடுகளை மலைபோல் பெருக்கிற்று. 1862ஆம் ஆண்டுச் சட்டப்படி, பணியினால் முற்றிலும் ஊனமுற்ற சாதாரணச் சிப்பாய்க்கு மாதம் 8 டாலர். இறந்தவருடைய விதவைக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும் அவரை நம்பியிருந்த தாய்க்கும் அதில் உரிமை உண்டு. 1890ஆம் ஆண்டுச் சட்டம், 90 நாட்களேனும் பணிபுரிந்து நற்பெயரோடு விலகி, பின்னாளில் உழைக்க இயலாமற்போனவர்களையும் சேர்த்துக்கொண்டது. இந்த மனுக்களில் மருத்துவரின் அறிக்கை இருக்கும். ஆறாத புண், தீராத வயிற்றுப்போக்கு, மங்கிய கண், விறைத்த முழங்கால் ஆகியவை பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருக்கும். சிலை வடிக்கும் சிற்பி இவற்றைச் செதுக்குவதில்லை. ஆயினும் போர் முடிந்தபின் முப்பது, நாற்பது ஆண்டுகள் வீட்டார் சுமந்தது இந்த உடலைத்தான்.

இந்த ஏடுகளில் என் உள்ளத்தைத் தொட்டவர் ஹாரியட் டப்மன் அம்மையார். அடிமைத்தனத்திலிருந்து தப்பி, மீண்டும் மீண்டும் திரும்பிச் சென்று பலரை விடுவித்தவர். போர்க்காலத்தில் அவர் செவிலியராகவும் சாரணராகவும் ஒற்றராகவும் பணிபுரிந்தார். 1863ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தென் கரோலினாவில் 700க்கும் மேற்பட்ட அடிமைகளை மீட்ட படையெடுப்புக்கு வழிகாட்டினார். அவருடைய கணவர் நெல்சன் டேவிஸ் கறுப்பினப் படைப்பிரிவில் சிப்பாயாக இருந்து 1888இல் காலமானார். விதவைக்குரிய ஓய்வூதியத்தை அம்மையார் கோரியபோது ஒரு சிக்கல் எழுந்தது. கணவர் படையில் நெல்சன் சார்ல்ஸ் என்னும் பெயரில் பதிவாகியிருந்தார். இரண்டு பெயரும் ஒரே மனிதனுக்கு உரியவை என்று அவர் நிரூபிக்க வேண்டியதாயிற்று. 1895இல்தான் மாதம் 8 டாலர் கிடைத்தது. 1899இல் அது 20 டாலராக உயர்த்தப்பட்டது. அந்த உயர்வும் அவருடைய செவிலியப் பணிக்காகவே வழங்கப்பட்டது. சாரணராகவும் ஒற்றராகவும் அவர் ஆற்றிய பணிக்கு ஓய்வூதிய ஏட்டில் இடம் கிடைக்கவில்லை. அந்த ஏட்டை மட்டும் படிப்பவர், நோயாளிகளைப் பராமரித்த ஒரு முதிய விதவையைக் காண்பார். நூற்றுக்கணக்கானோரை விடுதலைக்கு வழிநடத்தியவரைக் காணமாட்டார்.

அன்பானவர்களே, ஆவணம் உண்மை பேசும்; ஆனால் முழு உண்மையையும் பேசாது. அதை எழுதியவர்கள் எதை எண்ணத் தகுந்ததாகக் கருதினார்களோ, அதுவே அதில் எண்ணப்பட்டிருக்கிறது.

அந்தப் போரில் ஏறத்தாழ 1,79,000 கறுப்பின வீரர்கள் வடபுலப் படையில் பணிபுரிந்தனர். அவர்களில் பலர் அடிமைகளாய்ப் பிறந்தவர்கள். அடிமைகளின் திருமணத்தைத் தென் மாநிலங்களின் சட்டம் ஏற்கவில்லை. ஆகவே அவர்களுடைய விதவைகளிடம் காட்டுவதற்குத் திருமணச் சான்றிதழ் ஏதும் இல்லை. 1864ஆம் ஆண்டுச் சட்டம், அவர்கள் கணவன் மனைவியாய் வாழ்ந்ததை நேரில் அறிந்த சாட்சிகளின் சொல்லை ஏற்க வழிசெய்தது. ஒரு தோட்டத்தில் அடிமையாயிருந்த பெண்ணுக்காக அதே தோட்டத்தில் அடிமையாயிருந்த மற்றொரு பெண் சாட்சி சொன்னாள். தங்கள் பெயரை வேறெங்கும் எழுதக் கண்டிராத மக்களின் குடும்ப வரலாறு, ஓய்வூதியத்துக்காக எடுக்கப்பட்ட அந்த வாக்குமூலங்களில்தான் நிலைத்திருக்கிறது. சட்டம் மதியாத அன்பை அயலாரின் சாட்சி நிலைநாட்டிற்று. சாட்சியாய் நிற்பது என்றால் என்னவென்று அடிக்கடி பேசும் நாம், இதைச் சற்றே தியானிக்கலாம்.

நம் நாட்டின் நிலையையும் பார்ப்போம். முதல் உலகப் போரில் பிரிட்டானியப் படையில் பணிபுரிந்தவர்களின் ஆவணங்களில் பாதிக்கு மேல், 1940ஆம் ஆண்டு செப்டம்பரில் லண்டன்மீது வீசப்பட்ட குண்டுகளால் எரிந்துபோயின. ஓய்வூதிய அமைச்சகம் தனியே வைத்திருந்த தாள்களும் அட்டைகளுமே பல குடும்பங்களுக்கு இன்று துணை நிற்கின்றன. நம் ஊர்ப்புறங்களிலோ, அந்தப் போருக்கு இக்கிராமத்திலிருந்து இத்தனை பேர் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்று சொல்லும் கல்வெட்டுகளைச் சில இடங்களில் காணலாம். அவற்றில் எண்ணிக்கை உண்டு, பெயர் இல்லை. எண்ணாகமத்தின் முதல் அதிகாரத்தில் யுத்தத்துக்குப் புறப்படத்தக்கவர்களை எண்ணும்படி கட்டளை பிறந்தபோது, பேர்பேராக எண்ண வேண்டும் என்றே சொல்லப்பட்டது. அரசர்கள் தலைகளை எண்ணுகிறார்கள். ஆண்டவரோ பெயர்களை அறிந்திருக்கிறார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டாம் உலகப் போரின் முடிவில் இந்தியப் படையில் ஏறத்தாழ 25 இலட்சம் பேர் இருந்தனர். போர் முடிந்ததும் பெருந்தொகையானோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். சில ஆண்டுகளே பணிபுரிந்த அவர்களில் பலருக்கு ஓய்வூதியம் கிடையாது. ஆகவே, உங்கள் தாத்தாவின் பெயர் ஓய்வூதிய ஏட்டில் இல்லையென்றால், அவர் போகவே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதே காலத்தில் மலேயாவிலிருந்த தமிழர் பலர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். அவர்களுக்கு, விடுதலைப் போராட்ட வீரர்களுக்கென 1972இல் தொடங்கப்பட்ட ஓய்வூதியத் திட்டமே வழி திறந்தது. பர்மாப் போர்முனையில் ஒரே குலத்தார் எதிரெதிர் அணியில் நின்றிருக்கக்கூடும். ஒருவருடைய தாள் ஓர் அலுவலகத்தில், மற்றவருடைய தாள் வேறோர் அலுவலகத்தில். இருவரையும் ஒரே குடும்பமாக ஏற்றுக்கொள்ளும் விசாலம் நம் இருதயத்தில் இருக்க வேண்டும்.

வம்சவரலாறுகளில் வீணாய் மூழ்கிக் கிடக்க வேண்டாம் என்று அப்போஸ்தலன் தீமோத்தேயுவுக்கு எழுதியதைக் காட்டி, இந்தத் தேடலே தேவையற்றது என்று சொல்வோர் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. அந்த எச்சரிப்பு பெருமைக்கும் வாக்குவாதத்துக்கும் எதிரானது. புதிய ஏற்பாடே ஒரு வம்ச அட்டவணையோடுதான் தொடங்குகிறது. அந்த அட்டவணையில் ஒரு போர்வீரனின் பெயர் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அவன் உரியா. இயேசுவின் மூதாதையரில் அவன் ஒருவனல்லன். தன் அரசனுக்கு உண்மையாய்ப் போரிட்டு, அதே அரசனுடைய சூழ்ச்சியால் போர்முனையில் மடிந்தவன். மத்தேயு நினைத்திருந்தால் பத்சேபாளின் பெயரை எழுதி அந்தக் கறையை மறைத்திருக்கலாம். அவரோ அவளை உரியாவின் மனைவியாயிருந்தவள் என்றே குறித்தார். தாவீதின் குலப்பெருமை பேசப்படும் இடத்திலேயே தாவீதின் குற்றமும், குற்றத்துக்கு இரையான சிப்பாயின் பெயரும் நிற்கின்றன. முன்னோரைத் தேடுவதற்கு இதைவிடச் சிறந்த மாதிரியை நான் அறியேன்.

ஆகவே தேடுங்கள், நேர்மையோடு தேடுங்கள். வீட்டிலுள்ள பணிவிலகல் சான்று, ஓய்வூதியக் கொடுப்பாணை, பதக்கத்தின் விளிம்பில் பொறித்த எண் ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். படை எண்ணும் படைப்பிரிவின் பெயரும் கிடைத்தால், அந்தப் பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம். மதராஸ் படைப்பிரிவின் மையம் நீலகிரியில் வெலிங்டனிலும், மதராஸ் பொறியாளர் படையின் மையம் பெங்களூரிலும் உள்ளன. பெயரை மட்டும் நம்பித் தேடாதீர்கள். வீட்டில் அழைத்த பெயர் ஒன்று, ஞானஸ்நானப் பெயர் மற்றொன்று, பட்டாளத்து எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் வேறொன்று. நெல்சன் டேவிஸுக்கு நேர்ந்தது நம்மவர்க்கும் நேர்ந்திருக்கும். அந்தப் பெயர்களை ஒன்றாய் இணைக்கப் பல வேளைகளில் சபையின் பதிவேடே உதவும். அதைக் கரையான் அரிக்காமல் காப்பதும் நம் ஊழியத்தின் ஒரு பகுதியே.

தேடி முடித்தபின் ஒரு கேள்வி மீதியிருக்கும். நூறாண்டுக்கு முந்திய விதவையின் மனுவைப் படித்துக் கண் கலங்குகிற நாம், நம் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் விதவையின் மனுவை அறிந்திருக்கிறோமா? ஓய்வூதிய ஆணையில் ஒரு பெயர், ஆதார் அட்டையில் வேறொரு பெயர் என்பதால் குடும்ப ஓய்வூதியம் நின்றுபோன தாய்மார் இன்றும் உண்டு. தாம் உயிரோடு இருப்பதாய் ஆண்டுதோறும் சான்றளிக்க வேண்டியவர்களில், தேய்ந்துபோன கைரேகையை இயந்திரம் ஏற்காமல் திரும்பி வருகிற முதியோர் உண்டு. ஓய்வூதியம் பெறாத இரண்டாம் உலகப் போர் வீரர்களின் விதவைகளுக்குத் தமிழ்நாடு அரசு உதவித்தொகை வழங்குவதை அறியாமலே இருந்தவர்களும் உண்டு. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அவர்களோடு நடந்துபோக ஓர் இளைஞர் வேண்டும்; விண்ணப்பத்தை நிரப்ப ஒரு கை வேண்டும்; இந்த அம்மையாரை எனக்குத் தெரியும் என்று சொல்ல ஒரு வாய் வேண்டும். அநீதியுள்ள நீதிபதியிடம் ஓயாமல் முறையிட்ட விதவையைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை நாம் ஜெபத்துக்கு மட்டும் பொருத்திப் பேசுகிறோம். அவளோடு துணைக்குச் சென்றவர் எவரேனும் உண்டா என்று அந்த உவமையில் காணோம். அந்த இடம் நமக்காகத் திறந்திருக்கிறது என்றே நான் எண்ணுகிறேன்.

உங்கள் முன்னோரின் பெயரை ஏட்டில் கண்டு மகிழுங்கள். அவருக்காகக் காத்திருந்த பெண்ணின் பெயரையும் அதனருகே எழுதி வையுங்கள். இந்த வாரத்தில், நம் சபையில் ஒரு முதிய தாயின் தாள்களை அவரோடு அமர்ந்து ஒருமுறை சரிபாருங்கள். நம் ஒவ்வொருவரையும் பேர்சொல்லி அழைத்த தேவன், மறக்கப்பட்டவர்களை நினைவுகூரும் மனதை உங்களுக்குத் தந்தருள்வாராக. ஆமென்.