ஒரு மார்க்கும் ஒரு துட்டும்

சென்ற மாதம் பழவேற்காட்டு ஏரிப் பக்கத்திலுள்ள காட்டூருக்கு, மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து நண்டுக் குழம்பைப் பற்றி நேயர்களுக்கு எழுதுவதாக உத்தேசம். ஆனால் நான் போன சமயம் வீட்டில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது.

ஆறாம் வகுப்பில் படிக்கும் மாமாவின் பேரன், இங்கிலீஷ் பரீட்சையில் ‘கலர்’ என்னும் சொல்லை ஐந்தே எழுத்தில் எழுதிவிட்டான். நடுவிலே ‘யு’ எங்கே என்று கேட்டு வாத்தியார் ஒரு மார்க்கைக் குறைத்துவிட்டார். “கம்ப்யூட்டர் இப்படித்தானே காட்டுகிறது, தாத்தா!” என்று பையன் விம்முகிறான். மாமாவோ முப்பது வருஷம் சர்க்கார் ஆபீஸில் பிழையில்லாத இங்கிலீஷ் எழுதி ஓய்வு பெற்றவர். “நம் குடும்பத்திலே எழுத்துப் பிழையா?” என்று கர்ஜிக்கிறார். பையன் ராத்திரியும் சாப்பிடவில்லையாம். குழம்பு ஆறிக்கொண்டிருந்தது.

“மாமா, பையன் பேரில் குற்றம் இல்லை. குற்றவாளி நோவா வெப்ஸ்டர் என்னும் அமெரிக்கர்” என்றேன்.

சுதந்திரம் பெற்ற ஒரு தேசத்துக்குப் பழைய எஜமானனுடைய எழுத்துக்கூட்டு எதற்கு என்பது வெப்ஸ்டரின் கட்சி. 1828-ல் அவர் வெளியிட்ட பெரிய அகராதியில் ‘கலர்’, ‘ஹானர்’ முதலிய சொற்களிலிருந்து ‘யு’ வெளியேற்றப்பட்டது. நாக்கு, ஸ்திரீகள் என்பவற்றைக் குறிக்கும் சொற்களையும் காதில் விழுகிறபடியே எழுதவேண்டும் என்றார். அதற்கு மட்டும் அமெரிக்கர்களே சம்மதிக்கவில்லை. நாம் 1947-ல் சுதந்திரம் அடைந்தோம். ஆனாலும் அந்த ‘யு’வைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக் காவல் காத்து வருகிறோம்.

எழுத்தோடு போயிற்றா? லண்டனில் முதல் மாடி என்றால் ஒரு படிக்கட்டு ஏறவேண்டும். நியூயார்க்கில் வாசலைத் தாண்டினாலே முதல் மாடி வந்துவிடும். அமெரிக்கர் ‘பான்ட்ஸ்’ போட்டுக்கொண்டு வீதியில் உலாவுவார். லண்டன்வாசிக்கு அந்தச் சொல் உள்ளே உடுத்துவதைக் குறிக்குமாதலால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இதெல்லாம் வேடிக்கை. யுத்த காலத்தில் இது வினையாகவும் முடிந்திருக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது இரு நாட்டுத் தளபதிகளும் கூடியிருந்த ஆலோசனையில், ஒரு விஷயத்தை ‘டேபிள்’ செய்யவேண்டும் என்றார்கள் ஆங்கிலேயர். உடனே எடுத்து விவாதிக்கவேண்டும் என்பது அவர்கள் கருத்து. அமெரிக்காவிலோ அந்தச் சொல்லுக்கு, இப்போது வேண்டாம், ஒத்திப்போடு என்று அர்த்தம். இவ்வளவு முக்கியமான காரியத்தை ஒத்திப்போடுவதா என்று அமெரிக்கர் சீற, நெடுநேரம் காரசாரமான வாதம் நடந்ததாம். பிறகுதான் இரு தரப்பாரும் ஒன்றையே விரும்பியதாகத் தெரியவந்தது. இதைத் தமது யுத்த சரித்திரத்தில் எழுதியிருப்பவர் சர்ச்சில்.

1942-ல் அமெரிக்க யுத்த இலாகா, பிரிட்டனுக்குப் போகும் தன் சிப்பாய்களுக்கு ஒரு சிறு கைப்புத்தகமே அச்சிட்டுக் கொடுத்தது. அவர்களுக்குக் காப்பி போடத் தெரியாது, உங்களுக்கோ டீ போடத் தெரியாது, ஆகையால் கணக்கு நேர் என்பது அதில் கண்ட உபதேசங்களில் ஒன்று. கும்பகோணத்துக் காப்பியைக் குடித்தவர்கள் இந்தக் கணக்கை ஒப்புக்கொள்வார்களா என்பது சந்தேகமே.

மாமாவின் கோபம் பாதி இறங்கியிருந்தது. “இருந்தாலும், பாஷை பிறந்த வீடு இங்கிலாந்துதானே?” என்றார்.

“பிறந்த வீடு அதுதான். ஆனால் புகுந்த வீட்டில் டச்சுக்காரரும் குடியிருந்தாரே!” என்றேன்.

இங்கே பழவேற்காட்டில் 1613-ல் கெல்திரியா கோட்டையைக் கட்டினார்களே, அதே டச்சுக்காரர்கள் அந்த நூற்றாண்டிலேயே அமெரிக்கக் கரையில் நியூ ஆம்ஸ்டர்டாம் என்று ஓர் ஊரையும் ஸ்தாபித்தார்கள். 1664-ல் ஆங்கிலேயர் அதைப் பிடித்து நியூயார்க் என்று பெயர் மாற்றினார்கள். பழவேற்காடும் 1825-ல் ஆங்கிலேயருக்கே போய்ச் சேர்ந்தது. ஊர்கள் போயின, சொற்கள் போகவில்லை. லண்டன்வாசி ‘பிஸ்கட்’ என்பதை அமெரிக்கர் ‘குக்கி’ என்கிறாரே, அது டச்சுச் சரக்கு. ‘பாஸ்’ என்று மேலதிகாரியை அழைப்பதும் அப்படியே. நமக்கோ கோட்டை இடிந்து போயிற்று; கல்லறைகள் நிற்கின்றன. அவற்றோடு ‘துட்டு’ என்னும் சொல்லும் நிற்கிறது. ‘டொய்ட்’ என்பது டச்சுக்காரரின் செப்புக் காசு. இன்னொரு சொல்லும் அவர்களுடையதுதான். கௌரவமான குடும்பங்களில் படிக்கும் பத்திரிகையாதலால், கொல்லைப்புறத்துக் கக்கூஸை நினைவூட்டிவிட்டு மேலே செல்கிறேன்.

“அப்படியானால் வாத்தியாரிடம் போய் மார்க்கைக் கேட்கலாமா?” என்று பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“அது கூடாது. பள்ளிக்கூடத்திலே ‘யு’ போட்டு எழுது. கம்ப்யூட்டரிலே அதன் இஷ்டப்படி விடு. இன்னொரு தடவை இதற்காக உன்னை நான் வைதால் என்னைக் கேள்” என்றார் மாமா. பேரனுடைய தலையைத் தடவிக் கொடுத்ததையும் நான் பார்த்தேன்.

அச்சமயம் வாசலில் கூடையை இறக்கும் சப்தம் கேட்டது. “பெரியவரே! நேத்து வாங்கின எறாவுக்குத் துட்டு பாக்கி இருக்குது!” என்றாள் மீன்காரி.

“டச்சுக்காரன் வந்துவிட்டான், தாத்தா!” என்று பையன் கூவினான்.

மாமா சில்லறை தேட உள்ளே போனார். மாமி எங்கள் மூவருக்கும் இலை போட்டாள்.