சக்கரம் வைத்த குடித்தனம்

'வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைப் பண்ணிப் பார்' என்று நம் பெரியோர்கள் சொல்லி வைத்தார்கள். அவர்கள் ஸ்காட்லாந்து தேசத்துக்குப் போனதில்லை. போயிருந்தால், 'வீட்டை இழுத்துப் பார்' என்று மூன்றாவதாக ஒன்றையும் அவசியம் சேர்த்திருப்பார்கள்.

அந்தத் தேசத்தில் கோடை பிறந்ததும் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் மோட்டாருக்குப் பின்னால் சக்கரம் வைத்த சிறு வீடு ஒன்றைப் பூட்டிக்கொண்டு மலைநாட்டை நோக்கிப் புறப்பட்டு விடுகிறார்கள். காரவன் என்பது அந்த வீட்டின் பெயர். அதை நிறுத்தித் தங்குவதற்கென்று ஏரிக்கரைகளிலும் கடற்கரைகளிலும் ஏற்பட்டிருக்கும் புல்வெளிகளே காரவன் பார்க்குகள். வடகோடியிலே, ஸதர்லாந்து ஜில்லாவில், பெட்டிஹில் என்னும் கடலோரக் கிராமத்தை அடுத்த ஒரு பார்க்கில் நாமும் குடும்ப சமேதராய்ச் சில தினங்கள் குடித்தனம் நடத்தினோம்.

குடித்தனம் நடத்தினது சுலபம். வீட்டை உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்ததுதான் கஷ்டம். காரவன் பூட்டிய மோட்டாரைப் பின்னுக்குச் செலுத்தும்போது, இடது பக்கம் திருப்பினால் காரவன் வலது பக்கம் போகும். வலது பக்கம் திருப்பினால் இடது பக்கம் போகும். இது நமக்குத் தெரியாத விஷயமல்ல. ஆனால் புத்திக்குத் தெரிவது வேறு, கைக்குத் தெரிவது வேறு. நாலு தடவை முன்னும் பின்னும் போய் வந்தோம். பார்க்கில் இருந்த அத்தனை பேரும் பார்க்காதவர்கள் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாம் தடவை இரண்டு கனவான்கள் எழுந்து வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் காரவனைக் கழற்றி, கையாலேயே தள்ளி இடத்தில் நிறுத்திவிட்டு, ஆறிப் போவதற்குள் தங்கள் தேநீரைக் குடிக்கத் திரும்பிப் போனார்கள்.

சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ரசமட்டம் வைத்துத் தரை சமமாக இருக்கிறதா என்று பார்த்து, நாலு மூலைக் கால்களையும் இறக்கி, மின்சாரக் கம்பியைப் பொருத்திவிட்டால் கிருகப் பிரவேசம் முடிந்தது. நெருப்புப் பிடித்தால் பரவாதிருக்கும் பொருட்டு ஒரு காரவனுக்கும் அடுத்ததற்கும் 6 மீட்டர் இடைவெளி விடுகிறார்கள். இந்த இடைவெளியால் அண்டை வீட்டுச் சண்டையும் பரவுவதில்லை என்பது நம் சொந்த ஆராய்ச்சி.

பார்க்கின் ஒரு பக்கத்தில் வேறு ஜாதிக் காரவன்கள் சில இருந்தன. இவை நிலைக்கு வந்த தேர்கள். வருஷக் கணக்காக ஓரிடத்திலேயே நிற்கும்; சொந்தக்காரர்கள் கோடைதோறும் வந்து தங்கிப் போவார்கள்; வாசலில் பூந்தொட்டிகூட உண்டு. ஆனால் 1960-ஆம் வருஷத்துச் சட்டப்படி, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுபோகக் கூடியதாக இருந்தால்தான் அது காரவன். ஆகவே அந்த வீடுகள் எங்கும் போகாமலே, போகக் கூடியவையாக இருந்து வருகின்றன.

உல்லாசத்துக்காகக் காரவனில் ஊர் சுற்றும் வழக்கத்தை ஆரம்பித்து வைத்தவரும் ஸ்காட்லாந்துக்காரர்தான். கார்டன் ஸ்டேபிள்ஸ் என்று பெயர். கப்பற்படை வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவர். சிறுவர்களுக்கு வீரக் கதைகள் எழுதியவர். மகாகனி மரம் வைத்து இழைத்து, ஏறக்குறைய இரண்டு டன் எடையில் ஒரு காரவன் செய்வித்து, இரண்டு குதிரைகளைப் பூட்டி, 1885-ஆம் வருஷம் தென் இங்கிலாந்திலுள்ள ட்வைஃபோர்டிலிருந்து இன்வர்னெஸ் வரையில் பிரயாணம் செய்தார். எதிரே வண்டி வருகிறதா என்று பார்த்துச் சொல்ல அவருடைய வேலையாள் மூன்று சக்கர சைக்கிளில் முன்னே போனானாம். அந்த 1885-ஆம் வருஷத்தை வாசகர்கள் சற்று ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

பார்க்கில் வேலையாட்கள் கிடையாது. தண்ணீர் கொண்டுவருவது நம் பொறுப்பு. உருட்டிச் செல்லும் பீப்பாய் ஒன்று இருக்கிறது. அதைக் குழாயடிக்கு உருட்டிப் போய் நிரப்பி உருட்டி வருவதில் சிறுவர்களுக்குள் பெரிய போட்டி. பாத்திரம் கழுவுவதற்குப் பொதுவில் ஓர் அறை. நம் ஊர்க் கிணற்றடியில் நடக்கும் வம்பு அத்தனையும் அங்கே நடக்கிறது. பேசுகிறவர்களில் பாதிப் பேர் புருஷர்கள் என்பதுதான் வித்தியாசம். காலை வேளையில் வீட்டுத் தலைவர்கள் ஒவ்வொருவராக ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மைதானத்தின் மூலைக்கு நடக்கிறார்கள். அது காரவனுக்குள் இருக்கும் கக்கூஸின் பெட்டி. வழியில் சந்தித்தால் ஒருவருக்கொருவர் 'நல்ல காலை' சொல்லி, மழையைப் பற்றி விசாரித்துக்கொண்டு போகிறார்கள்.

முதல் நாள் நமக்குக் கொஞ்சம் கூசிற்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1901-ஆம் வருஷம் கல்கத்தா காங்கிரஸில் காந்தியடிகள் தாமே துடைப்பம் எடுத்துக் கக்கூஸைச் சுத்தம் செய்தாரே, அதை எத்தனை மேடைகளில் கேட்டுக் கைதட்டியிருக்கிறோம்! கைதட்டின கை பெட்டியைத் தூக்க இத்தனை காலம் ஆயிற்று.

குழந்தைகளுக்கு இது சொர்க்கலோகம். உள்ளே மோட்டார்கள் மணிக்கு 5 மைல் வேகத்துக்கு மேல் போகக் கூடாதாகையால் அவர்களை அவிழ்த்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். பாஷை தெரியாத குழந்தையும் அரை மணியில் நாலு சிநேகிதர்களைப் பிடித்துவிடுகிறது. ஜூன் மாதத்தில் பத்து மணிக்கு மேல்தான் சூரியன் அஸ்தமிக்கிறான். 'இருட்டிவிட்டது, உள்ளே வா' என்று அதட்டுவதற்கு இடமே இல்லை. இருட்டுக்குப் பதிலாக மிட்ஜ் என்னும் பொடிக் கொசு இருக்கிறது. கடிப்பது பெண் கொசு மாத்திரமே. காற்று மணிக்கு 7 மைல் வேகத்தில் வீசினால் அதனால் பறக்க முடியாது. காற்று நின்றால் மேகம் போல் வந்து இறங்கும். மழைக்கும் மிட்ஜுக்கும் நடுவே கிடைக்கும் நேரத்தைத்தான் அங்கே கோடைக்காலம் என்கிறார்கள்.

மூன்றாம் நாள் மழை விட்டிருந்தது. நேவர் நதி கடலில் விழும் இடம் பெட்டிஹில்லுக்குப் பக்கத்தில்தான். நதியோடு தெற்கே ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் மோட்டாரை விட்டோம். ஒரு வண்டி மாத்திரம் போகக்கூடிய சாலை. ஓரமெல்லாம் பச்சைப் புல். நதியில் தெளிந்த நீர். பத்து மைல் போவதற்குள் நம் பெண் கேட்டாள்:

"அப்பா, ஆறு இருக்கிறது, புல் இருக்கிறது. ஏன் வீடுகளை மாத்திரம் இப்படித் தேட வேண்டியிருக்கிறது?"

அதற்குப் பதில் ரோஸல் என்ற இடத்தில் கிடைத்தது. காட்டிலாகாவின் மரங்களுக்கு நடுவே ஒரு மேட்டு நிலம். அங்கே வீடுகளின் அஸ்திவாரங்கள் புல் மூடிய வரப்புகளாய் நீண்ட சதுரம் சதுரமாகக் கிடக்கின்றன. ஒரு கிராமம் முழுவதும் அப்படியே இருக்கிறது, மனிதர்கள்தான் இல்லை. ஆட்டு மந்தையில் வாரத்தைவிட லாபம் அதிகம் என்று கண்ட ஸதர்லாந்து பிரபு குடும்பத்தார், 1814-க்கும் 1819-க்கும் இடையில் இந்தப் பள்ளத்தாக்கின் குடிகளை வெளியேற்றிக் கடலோரப் பாறை நிலத்துக்கு அனுப்பினார்கள். திரும்பி வராதபடி கூரைகளுக்குத் தீ வைத்தார்கள். ஏறக்குறைய நூறு வயதான கிழவி ஒருத்தி படுத்திருந்த வீட்டைக் கொளுத்தி அவள் சாவுக்குக் காரணமானதாக, பண்ணைக் காரியஸ்தர் பேட்ரிக் ஸெல்லர்மீது 1816-இல் இன்வர்னெஸில் வழக்கு நடந்தது. ஜூரிகள் குற்றமில்லை என்றார்கள். ஜூரிகளில் பெரும்பாலோர் நிலச்சுவான்தார்கள். காலியான நிலத்தில் ஆட்டுப் பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தவரும் ஸெல்லர்தான்!

ரோஸலில் பிறந்த டொனால்டு மக்லவுட் என்ற கொத்தனார், இரவு பதினொரு மணிக்குக் குன்றின்மேல் ஏறி நின்று, 250 வீடுகள் எரிவதை எண்ணியதாக எழுதி வைத்திருக்கிறார். நம் பார்க்கில் பதினொரு மணிக்கு மேல் சப்தம் செய்யக் கூடாதென்று வாசலில் பலகை போட்டிருந்தது. அன்றிரவு பதினொரு மணிக்கு நாம் காரவன் படியில் உட்கார்ந்திருந்தோம். வானத்தில் வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. ஐம்பது குடும்பங்கள் ஒருவரையொருவர் தொந்தரவு செய்யாமல் தூங்கிக்கொண்டிருந்தன.

பெட்டிஹில் என்பதே அவ்விதம் துரத்தப்பட்டவர்கள் வந்து ஒதுங்கிய ஊர்களில் ஒன்று. இவர்களுடைய பேரன் பேத்திகளின் குறைகளை விசாரிக்க 1883-இல் ஒரு கமிஷன் புறப்பட்டது. இந்த ஊரிலும் அமர்ந்து சாட்சியம் கேட்டது. தலைவர் நேப்பியர் பிரபு. சென்னைவாசிகளுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. 1866 முதல் 1872 வரை சென்னை ராஜதானியின் கவர்னராக இருந்த அதே பிரபுதான். கூவம் கடலோடு சேருமிடத்தில் அவர் பெயரால் பாலம் இருக்கிறது. விசாரணையின் பலனாக 1886-இல், அதாவது மகாகனிக் காரவன் இன்வர்னெஸுக்கு வந்து சேர்ந்த மறு வருஷம், சிறு குடியானவர்களை இஷ்டம்போல் வெளியேற்ற முடியாதென்று சட்டம் பிறந்தது. நல்ல சட்டம். ஆனால் போன நிலத்தை அது திருப்பிக் கொடுக்கவில்லை. 2012-ஆம் வருஷ வாக்கில் எடுத்த கணக்கின்படி, தனியார் கையிலுள்ள கிராமப்புற நிலத்தில் சரிபாதி 432 சொந்தக்காரர்களிடம் இருந்தது.

1999-இல் ஸ்காட்லாந்துக்குச் சொந்தப் பாராளுமன்றம் திரும்பக் கிடைத்தது. அது 2003-இல் செய்த நிலச் சீர்திருத்தச் சட்டத்தின்படி, பிறருக்குத் தீங்கு செய்யாமல் யார் நிலத்திலும் எவரும் நடக்கலாம். தோளில் கூடாரம் சுமந்து போனால் இரவு தங்கவும் தங்கலாம். நம்மைக் கேட்டால், ஒரு தேசம் சுயராஜ்யம் பெற்றதும் இதைப் போன்ற காரியத்தில்தான் முதலில் கை வைக்க வேண்டும். மோட்டாருக்கும் காரவனுக்கும் இந்த உரிமை கிடையாது. ஆகவேதான் சக்கரம் வைத்த குடித்தனக்காரர்கள் கூலி கொடுத்துப் பார்க்கில் இடம் பிடிக்கிறார்கள். மலைநாட்டில் சிறு குடியானவர்களே தங்கள் வயலில் ஒரு பகுதியை இப்படிக் காரவன்களுக்கு விட்டுப் பிழைப்பதும் உண்டு. பாறை நிலத்தில் ஆட்டைவிடக் காரவன் நன்றாய் மேய்கிறது போலும்!

புறப்படும் நாள் காலையில் நாலு கால்களையும் தூக்கி, கட்டைகளை எடுத்து, காரவனை முன்னுக்கு இழுத்தோம். அது நின்ற இடத்தில் புல் வெளிறி நீண்ட சதுரமாய்த் தெரிந்தது. நம் பெண் அதைச் சுற்றி ஒரு தரம் நடந்து வந்தாள். அதற்குள் அடுத்த குடும்பம் வாசலில் வந்து காத்திருந்தது. அந்த மனிதர் பின்னுக்குச் செலுத்தத் தொடங்கினார். காரவன் வேறு பக்கம் போயிற்று. நாம் மோட்டாரை ஓரமாக நிறுத்திவிட்டு, பார்க்காதவர்கள் போல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்தாம் தடவை இறங்கிப் போய்த் தள்ளிக் கொடுத்தோம்.