நாலு வயசுக்கு ஒரு ரேட்டு

உங்கள் குழந்தையின் எல்.கே.ஜி. ரசீதைக் கொஞ்சம் எடுத்து வையுங்கள். ஒரு சின்னக் கணக்கு.

தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் கவுன்சலிங் மூலம் சேருகிறவருக்கு 2017-ல் நிர்ணயிக்கப்பட்ட ஆண்டுக் கட்டணம் 50,000 ரூபாய். தரச் சான்று பெற்ற படிப்பு என்றால் 55,000. அரசுக் கலைக் கல்லூரியில் இளங்கலைக்குக் கல்விக் கட்டணமே கிடையாது. ஆனால் சென்னையின் 'பெரிய' பள்ளிகளில் நாலு வயசுக் குழந்தை ரைம்ஸ் சொல்லிப் பழக இதையெல்லாம்விட அதிகம்!

'பகல் கொள்ளை சார்' என்பீர்கள். கொள்ளைதான். ஆனால் கதவைத் திறந்துவிட்டது யார்?

சட்டம் இல்லாமல் இல்லை. நியாயமான உபரி வைத்துக்கொள்ளலாம், லாப வேட்டை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே டி.எம்.ஏ. பாய் வழக்கில் சொல்லிவிட்டது. தமிழக அரசு 2009-ல் பள்ளிக் கட்டணத்தை முறைப்படுத்தச் சட்டம் போட்டது. 2010-ல் நீதிபதி கோவிந்தராஜன் குழு ஒவ்வொரு பள்ளிக்கும் கட்டணம் நிர்ணயித்தது. ஆயிரக்கணக்கான பள்ளிகள் 'கட்டுப்படியாகாது' என்று மேல்முறையீடு செய்தன. குழு சொல்லும் கட்டணம் ஒன்று. பஸ், புத்தகம், யூனிஃபார்ம், ஸ்மார்ட் கிளாஸ், அபாகஸ் என்று நாம் கட்டுவது இன்னொன்று. தெரிந்தேதான் கட்டுகிறோம். புகார் கொடுத்தால் பிள்ளையை ஒரு மாதிரி பார்ப்பார்களோ என்ற பயம்.

சரி, அந்தப் பணம் டீச்சருக்காவது போகிறதா? எல்.கே.ஜி. மிஸ்ஸிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். சிரித்து மழுப்பிவிடுவார்.

கல்லூரியில் மட்டும் ஏன் இப்படி இல்லை? காரணம் எளிது. அங்கே அரசுக் கல்லூரிக்கு மவுசு இருக்கிறது. கிண்டியில் சீட் கிடைத்தால் தெருவுக்கே இனிப்பு கொடுக்கிறோம். அரசு மருத்துவக் கல்லூரி கிடைக்கக் கோயில் கோயிலாக வேண்டிக்கொள்கிறோம். அதே நாம், தெருக்கோடியில் இருக்கும் மாநகராட்சிப் பள்ளியின் வாசலைக்கூட மிதித்ததில்லை. போட்டிக்கு ஆள் இல்லாத கடையில் வைத்ததுதான் விலை. போட்டியை ஒழித்தது நாம்தான்.

அரசுப் பள்ளி மோசம் என்கிறீர்களா? பல இடங்களில் உண்மை. ஆனால் ஏன்? கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் எல்லாம் வெளியேறிவிட்டால், கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை என்று யார் சண்டை போடுவது? ஆசிரியர் பணியிடம் காலி என்று யார் மனு கொடுப்பது? அங்கே மிச்சம் இருப்பவர்கள் அன்றாடக் கூலிக்குப் போகிறவர்கள். அரை நாள் லீவு போட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது.

அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. 'நம்ம பிள்ளைக்குக் கிடைக்காதே' என்று முணுமுணுத்தவர்களை எனக்குத் தெரியும். அரசுக் கல்லூரி வேண்டும். அரசுப் பள்ளி மட்டும் வேண்டாம். இது என்ன நியாயம்?

நாளைக்கே டி.சி. வாங்கச் சொல்லவில்லை. அடுத்த அட்மிஷன் சீசனில் அப்ளிகேஷனுக்கு வரிசையில் நிற்பதற்கு முன், உங்கள் தெரு அரசுப் பள்ளிக்குள் ஒருமுறை போய் ஹெட்மாஸ்டரிடம் பேசுங்கள். பிடித்திருந்தால் சேருங்கள். பிடிக்காவிட்டால் என்ன குறை என்று எழுதி உங்கள் கவுன்சிலரிடம் கொடுங்கள். அது உங்கள் வரிப்பணத்தில் நடக்கிற பள்ளி. அதற்கும் சேர்த்துத்தான் ஃபீஸ் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.