நண்பரின் விவரம் நம்முடையதா?

கணினியில் 'நூலகம்' என்பது பிறர் முன்பே எழுதிவைத்த நிரல்களின் தொகுப்பு. அதைக் கொண்டு சில வரிகள் எழுதினாலே, சமூக வலைத்தளம் திறந்துவிட்ட வாயில் வழியே பயனர்களின் விவரங்களைப் பெறலாம். ஆராய்ச்சிக்கு நல்ல கருவிதான். ஆனால் தோழியரே, 2018-இல் வெளிப்பட்ட கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்தைப் பாருங்கள். குணநலன் கணிக்கும் அந்தச் செயலியை இந்தியாவில் நிறுவியவர்கள் 335 பேர்தாம்! நிறுவியோரின் நண்பர்கள் என்பதனாலேயே மேலும் 5,62,120 இந்தியரின் விவரம் போயிருக்கலாம் என்று பேஸ்புக் நிறுவனமே கூறியது. நண்பர் விவரம் தரும் அவ்வழி 2015-இல் அடைபட்டது உண்மையே. எனினும் பிறருக்காகச் சம்மதிக்கும் உரிமை நமக்கில்லை என்பேன். எங்கள் ஜவ்வாது மலையில் ஒரு கைப்பேசிக்குள் பாதி ஊரின் எண்கள் இருக்கும். 'தொடர்புகளைக் காணலாமா?' என்று செயலி கேட்கிறது. நாம் சரி என்கிறோம். அத்தையை யார் கேட்டார்கள்?