பொல்லுப் பிடிக்கிற பிள்ளையைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. முழுக்க வாசித்துவிட்டு ஏசுங்கள்.

அண்ணாவியார் வளவில் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு நடக்கிற சீனடி வகுப்பை நிறுத்த வேண்டும் என்று ஊரில் கதை. வருகிற ஜும்ஆ முடியக் கூடி முடிவெடுக்கப் போகிறார்களாம். பிள்ளைகளின் படிப்புக் கெடுகிறதாம், பொம்பிளைப் பிள்ளைகளும் வருகிறார்களாம், 2019க்குப் பிறகு முஸ்லிம் பிள்ளைகள் பொல்லோடு நின்றால் வெளியில் வேறு மாதிரிப் படுமாம்.

படிப்பைப் பற்றி ஆசிரியர்களான நாங்களே சொல்கிறோம், கிழமைக்கு ஒன்றரை மணித்தியாலத்தால் ஒரு பிள்ளையும் ஃபெயிலாகாது. பொம்பிளைப் பிள்ளைகள் என்று வருவது ஆறேழு சின்னப் பிள்ளைகள், அதுவும் மாமி பக்கத்தில் நிற்க. பெருநாளில் அபிசீனியர்கள் பள்ளிக்குள்ளேயே ஈட்டி விளையாட, ஆயிஷா நாயகி (ரழி) நபியவர்களின் (ஸல்) தோளுக்குப் பின்னால் நின்று ஆசை தீரப் பார்த்தார்கள். பார்த்ததுதானே, விளையாடவில்லையே என்பீர்கள். நபியவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடி ஜெயித்ததும் அதே நாயகிதான்.

மூன்றாவது காரணத்தைத்தான் லேசாகத் தள்ள முடியவில்லை. அந்தப் பயம் எங்களுக்கும் இருக்கிறது.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை கடல் வந்தபோது நாங்கள் தரம் 7. பாடசாலை திறந்து போனால் வகுப்பில் ஆளில்லாத கதிரைகள். ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. "ஸபர் செய்யுங்க" என்றார்கள். ஸபர் பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் எங்கட ஊரில் அதற்கு வாயை மூடு என்றுதான் அர்த்தம். 1990இல் காத்தான்குடிப் பள்ளியில் தொழுகையில் நின்றவர்களைச் சுட்ட இரவைப் பற்றி எங்கட வாப்பாமார் மூடிய அதே வாய். இன்றைக்கும் மழை அடித்துப் பெய்தால் எங்களில் சிலர் அடையாள அட்டையையும் காணி உறுதியையும் பேக்கில் போட்டுக்கொண்டு விடியும்வரை குந்தியிருக்கிறோம்.

இப்போது எங்கட வகுப்பில் இருப்பவர்கள், 2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் வெடித்தபோது பாலர் பாடசாலை வயதுப் பிள்ளைகள். அதற்குப் பிறகு வீடு வீடாகச் சோதனை. ஒரு பையன், இரவில் வாசலில் வாகனம் நின்றால் கட்டிலுக்குக் கீழே போய்விடுவான். வகுப்பில் டஸ்டர் விழுந்தாலும் காதைப் பொத்துவான். ஊதிப் பார்த்தார்கள், நூல் கட்டினார்கள். அண்ணாவியார் அவனுக்கு மூன்று மாதம் பொல்லே கொடுக்கவில்லை. கால் வைக்கிற விதம், மூச்சு விடுகிற விதம், அவ்வளவுதான். பிறகு தன் பொல்லால் மெதுவாகத் தட்டுவார், அவன் தடுப்பான். தட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் "வரட்டா மகன்?" என்று கேட்பார். அவன் "வாங்க" என்றால்தான் பொல்லு வரும். போன மாதம் அவனாகவே "பலமா அடிங்க அப்பா" என்று சிரித்தான். சரியாகி விட்டான் என்று சொல்ல மாட்டோம், கிளினிக்குக்கும் போகிறான். ஆனால் இப்போது கட்டிலுக்கு மேலே தூங்குகிறானாம்.

பொல்லு என்றால் எங்கட கையிலும் இருக்கிறது. சுற்றுநிருபம் வேண்டாம் என்று சொல்லியும் வகுப்பில் பிரம்பு எடுத்திருக்கிறோம், வெட்கத்தோடு சொல்கிறோம். அதற்கு ஊர் எப்போதாவது கூட்டம் போட்டதா? "நல்லா அடிங்க சேர், கண்ணை மட்டும் விட்டிருங்க" என்றுதானே பிள்ளையை ஒப்படைத்தீர்கள்? பத்துப் பிள்ளை இருந்தும் ஒன்றையும் முத்தமிட்டதில்லை என்று சொன்னவருக்கு நபியவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை மிம்பரில் கேட்டுவிட்டு வந்துதான் இதையும் சொல்கிறோம். அண்ணாவியாரோ கடலுக்கு ஒரு மகளைக் கொடுத்தவர். ஒரு பிள்ளை பிந்தினால் ஒழுங்கை முனைவரை போய்ப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

வெளியில் வேறு மாதிரிப் படும் என்றால் ஒளித்துச் செய்யாமல் பாடசாலை மைதானத்தில் செய்வோம். பொலிஸுக்கும் கடிதம் கொடுப்போம், பக்கத்துத் தமிழ்ப் பாடசாலை ஆசிரியர்களையும் கூப்பிடுவோம். கலியாண மாப்பிள்ளை ஊர்வலத்தில் நம் மூத்தாப்பாமார் நடுத்தெருவில் ஆடிய விளையாட்டு இது, ஒரு காலமும் ஒளித்து ஆடியதில்லை.

கூட்டத்தில் கை தூக்கப் போகிறவர்கள் அதற்கு முதல் ஒரு சனிக்கிழமை வந்து பாருங்கள். அஸர் தொழுதுவிட்டு நேரே வாருங்கள். வகுப்பு முடிய மாமி எல்லாருக்கும் பிளேன்டி ஊற்றுவார், பிள்ளைகள் குடித்த பிறகு உங்களுக்கும் இருக்கும்.